சிக்கன் மெட்ராஸ்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அலுவலக வேலையாக பர்மிங்காம் போயிருந்தேன். ஐந்து நாள் சாண்ட்விச் தின்று நாக்கு செத்துப்போய், ஆறாம் நாள் ஓர் இந்திய உணவகத்தைத் தேடிப் போனேன். மெனுவில் 'சிக்கன் மெட்ராஸ்' என்று பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். வந்தது செக்கச்செவேலென்று, மிளகாய்த்தூள் கொட்டிய தக்காளி விழுது. கறிவேப்பிலை வாசனைகூட இல்லை. பரிமாறியவருக்கு எந்த ஊர் என்று கேட்டால் வங்கதேசம் என்கிறார். இந்தியப் பெயரை வைத்து ஏமாற்றுவதல்லவா இது? இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

கே.

அன்புள்ள கே.,

எழுதுகிறேன், ஆனால் நீங்கள் கேட்டபடி அல்ல.

அவருடைய ஊர் அனேகமாக வங்கதேசத்தின் வடகிழக்கில் இருக்கும் சில்ஹெட்டாக இருக்கும். பிரிட்டனில் 'இந்தியன்' என்று பலகை மாட்டிய உணவகங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நெடுங்காலமாக நடத்தி வருபவர்கள் அந்த ஒரு வட்டாரத்துக்காரர்கள்தான். பிரிட்டிஷ் கப்பல்களின் எஞ்சின் அறையில் கரி அள்ளிப் போட்டவர்கள் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கினார்கள். யார் யாருடைய சமையல்கட்டிலோ தட்டு கழுவி, அப்புறம் சொந்தமாகக் கடை போட்டார்கள். அந்த முதல் ஆட்கள் கிளம்பியபோது சில்ஹெட், பிரிட்டிஷ் இந்தியாவின் அசாம் மாகாணத்தில் இருந்தது. 1947-இல் அது கிழக்கு பாகிஸ்தானுக்குப் போனது. 1971-இல் வங்கதேசம் ஆனது. பலகை மட்டும் மாறவில்லை. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

சரி, அந்தச் சிவப்புக் குழம்புக்கு வருவோம். இந்தக் கடைகளின் சமையலறையில் ஓர் அண்டா இருக்கும். வெங்காயத்தை மலைபோல் வேகவைத்து, இஞ்சி பூண்டோடு அரைத்து, மசாலா லேசாகச் சேர்த்துத் தயாராக வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் அதிலிருந்து இரண்டு கரண்டி வாணலியில் விழும். கிரீமும் தேங்காயும் சேர்ந்தால் அது குருமா. மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ். இன்னும் கூட்டினால் விண்டலூ. ஆக, அங்கே மெட்ராஸ் என்பது ஊரின் பெயரே அல்ல, காரத்தின் அளவு. விண்டலூவின் கதை இதைவிடக் கூத்து. போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த, பூண்டும் புளித்த மதுவும் சேர்த்து ஊறவைத்த இறைச்சி அது. பெயரில் உள்ள 'ஆலு' பூண்டைக் குறிக்கும் சொல். அதை இந்தி ஆலு என்று நினைத்து உருளைக்கிழங்கைப் போடும் கடைகள் உண்டு. கோவாக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார்.

நானும் முதல் தடவை உங்களைப் போலத்தான் கொதித்தேன். லண்டனில் ஒரு கடையில் தட்டைத் திருப்பி அனுப்பி, இது மெட்ராஸ் இல்லை என்று வாதாடினேன். பெரியவர் ஒருவர் சமையலறையிலிருந்து வந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காரம் போதவில்லையா?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அது நம் சமையலின் மோசமான நகல் அல்ல. பிரிட்டனில் பிறந்த வேறொரு சமையல். வெள்ளைக்காரர்கள் வெள்ளிக்கிழமை இரவு பீருக்குப் பிறகு தேடிப் போவது அதைத்தான்.

ஆறாம் நாள் சாம்பாருக்கு ஏங்கும் நாக்கு வேறு விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். லண்டன் பக்கம் போனால் தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் போய்விடுங்கள், கறிவேப்பிலை வாசனை தெருவிலேயே வரும்.

எனக்கு உங்கள் மேல் ஒரே வருத்தம்தான். பால்டி என்ற கறிக்குழம்பு பர்மிங்காமின் சொந்தச் சரக்கு. அங்கே குடியேறிய பாகிஸ்தானியர்கள் எழுபதுகளில் உருவாக்கியது. மெல்லிய எஃகுச் சட்டியில் பெருந்தீயில் சமைத்து, அதே சட்டியோடு கொதிக்கக் கொதிக்க மேஜைக்கு வரும். நானைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அந்த ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு நீங்கள் மெட்ராஸ் கேட்டிருக்கிறீர்களே!