அளவு பிளவுஸை முதலில் விரியுங்கள்

ஆன்லைன் பாடம் தயாரிப்போர் கேள்வி பதில்

கேள்வி: 22 வருடமாக வீட்டில் தையல் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் பிளவுஸ் கட்டிங் ஆன்லைன் கோர்ஸ் ஆரம்பித்தேன். 32 வீடியோ, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். 48 பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள்; கடைசி வரை வந்தது 5 பேர். நேரில் படித்தவர்கள் ஒருவர்கூடப் பாதியில் நின்றதில்லை. நல்ல கேமரா, லைட் வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய பாடப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். முதல் வீடியோவில் மெஷினின் பாகங்கள், அடுத்து துணி வகைகள், அடுத்து ஊசி, நூல். கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதே ஒன்பதாவது வீடியோவில்தான். சேர்ந்த பெண் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகும் ஒரு காகிதத்தைக்கூட வெட்டியிருக்க மாட்டார். உங்கள் வீட்டு வகுப்பில் முதல் நாளே பழைய பேப்பரைக் கொடுத்து வெட்ட வைப்பீர்கள் இல்லையா?

ஒருவர் துணியோடு வந்தால் நீங்கள் முதலில் கேட்பது அளவு பிளவுஸைத்தான். அதை விரித்து அளந்த பிறகுதான் சாக் எடுப்பீர்கள். கோர்ஸுக்கும் அப்படி ஒரு அளவு வேண்டும். 'பிளவுஸ் கட்டிங் தெரிந்துகொள்வார்' என்று எழுதினால் தெரிந்துகொண்டாரா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? 'அளவு பிளவுஸை வைத்து, யாரையும் கேட்காமல், 36 சைஸ் லைனிங் பிளவுஸ் ஒன்றை வெட்டித் தைப்பார். அக்குள் பக்கம் சுருக்கம் விழாது' என்று எழுதிப் பாருங்கள். என்ன செய்வார், எதை வைத்துச் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்வார் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் பாட நோக்கத்தை இப்படி எழுதச் சொல்லி 1962-லேயே புத்தகம் போட்டார். நானும் ஒவ்வொரு கோர்ஸையும் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறேன். இந்த வரிக்கு உதவாத வீடியோவை எடுத்துவிடுங்கள். ஊசி எண்கள் ஒரு பக்க அட்டவணையாகப் போகட்டும்.

அடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். முன்பக்க ஆர்ம்ஹோல் (கை வந்து இணையும் வளைவு) பின்பக்கத்தைவிட உள்ளே குழிந்து வர வேண்டும். புதியவர்கள் இரண்டையும் ஒரே வளைவாக வெட்டிவிடுவார்கள். இதற்கு மட்டும் தனியாக மூன்று சின்ன வீடியோ எடுங்கள். முதலாவதில் நீங்கள் முழுதாக வரைந்து வெட்டுங்கள். இரண்டாவதில் பாதி வளைவு வரைந்து நிறுத்திவிட்டு மீதியை அவரை வரையச் சொல்லுங்கள். மூன்றாவதில் அளவு மட்டும் கொடுங்கள். வெட்டிய பேப்பரின் மேல் இஞ்ச் டேப்பை வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். 'இங்கே கால் இஞ்ச் உள்ளே வாம்மா' என்று சிவப்பில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள். நேர் வகுப்பில் யாரும் நிற்காததற்குக் காரணம் அந்தக் கால் இஞ்ச் வார்த்தைதான். வீடியோவில் அது விட்டுப்போயிருக்கிறது.

நீளத்துக்கும் ஒரு வார்த்தை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு கோர்ஸ்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் அதில் நிலைத்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் அவை கணிதம், அறிவியல், கணினிப் பாடங்கள். கழுத்துக்குப் பைப்பிங் வைப்பதை ஆறு நிமிடத்தில் வெட்டினால் கை வேலையின் ஓட்டமே அறுந்துவிடும். அங்கே பத்து, பன்னிரண்டு நிமிடம் தாராளமாகப் போகலாம்.

32 வீடியோவையும் மறுபடி எடுத்துவிட்டு வெளியிட வேண்டாம். முதல் பாடத்தை மட்டும் எடுத்து, தைக்கவே தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அவர் செய்வதைப் பாருங்கள். எங்கே வீடியோவைப் பின்னால் இழுக்கிறாரோ அங்கே உங்கள் பாடத்தில் ஓட்டை இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் பத்து வைக்கிறேன். எல்லோரும் பத்துக்குப் பத்து. ஆனால் லேபுக்கு வந்தால் திணறுகிறார்கள்.
- கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: இதை நானும் அனுபவித்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியலின் உப்புப் பகுப்பாய்வை (கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிப்பதை) ஆன்லைனில் நடத்தினேன். 'காப்பர் உப்புக் கரைசலில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் என்ன நிறம்?' என்று கேட்டேன். எல்லோருமே அடர் நீலம் என்று சரியாகப் போட்டார்கள். பள்ளி திறந்ததும் லேபில் ஒரு மாணவி இரண்டு சொட்டு விட்டாள். வெளிர்நீல வீழ்படிவு (கரையாமல் பிரிந்து நிற்கும் பொருள்) வந்தது. சோதனை தப்பாகிவிட்டது என்று டெஸ்ட் டியூபைச் சிங்க்கில் கொட்டிவிட்டாள். இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் வீழ்படிவு கரைந்து அடர் நீலம் வந்திருக்கும். கடைசி நிறத்தை மட்டும் கேட்டது என் தவறு. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மனசில் நிற்கிறது.

இப்போது வீழ்படிவு தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, 'அடுத்து என்ன செய்வாய், ஏன்?' என்று கேட்கிறேன். 'கொட்டிவிடுவேன்' என்பதும் ஒரு விடை. அதைத் தொட்டால் 'தவறு' என்று மட்டும் வராது; மீதி பத்து விநாடி ஓடி, கரைவதைக் காட்டும். உங்கள் தவறான விடைகளையும் லேபில் பிள்ளைகள் உண்மையாகவே செய்யும் தவறுகளிலிருந்து எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை வேறு உப்பை வைத்துத் திரும்பக் கேளுங்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லச் சொல்லத்தான் பாடம் தங்கும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட அது நெடுநாள் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் சோதித்துக் காட்டினார்கள்.

கேள்வி: ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். படத்தையும் பார்த்து, எழுத்தையும் படித்து, குரலையும் கேட்பது கற்பவருக்குச் சுமை. ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் தன் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. படம் இருக்கட்டும், விளக்கத்தைக் குரலில் சொல்லுங்கள். புதிய கலைச்சொல்லை மட்டும் எழுதிக் காட்டுங்கள். சப்டைட்டிலை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். காது கேளாதவர்களுக்கும், பாட மொழி புதிதாக இருப்பவர்களுக்கும் அது வேண்டும். தேவைப்படுகிறவர் போட்டுக்கொள்ளும்படி வைத்தால் போதும்.