கடிதம் கடைசியில் போகட்டும்: மார்மன் சபையை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்தவள். இப்போது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் லீஹை நகரில் இருக்கிறோம். கணவர் ஐந்து தலைமுறையாக மார்மன் சபையில் இருக்கும் குடும்பம். திருமணத்துக்கு முன் நானும் ஞானஸ்நானம் பெற்றேன்; பிறகு ஆலயத்தில், மரணத்துக்குப் பின்னும் பிரியாதபடி தம்பதியை இணைக்கும் முத்திரிப்புச் சடங்கும் செய்துகொண்டோம். இரண்டு வருடங்களுக்கு முன் சபையின் வரலாற்றைப் படித்ததிலிருந்து அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கடவுளே இல்லை என்கிறார். எனக்கும் சபை மேல் நம்பிக்கை இல்லை, ஆனால் சாமி இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவருடைய தம்பிக்கும் நம்பிக்கை இல்லை. எங்கள் இருவர், 7 வயது மகள், தம்பி என நான்கு பேரின் விலகல் கடிதத்தையும் இந்த வாரமே அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு எதுவும் தெரியாது. அடுத்த மார்ச்சில் பேத்திக்கு 8 வயது நிறைந்ததும் ஞானஸ்நானம் என்று இப்போதே பேசுகிறார். எதை முதலில் செய்வது? இத்தனை வருடம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுத்த தசமபாகம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் கணவரின் அவசரம் புரிகிறது. இரண்டு வருடம் மனதில் உள்ளதை வெளியே சொல்லாமல் ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்து வந்தவருக்கு, ஒரே கடிதத்தில் எல்லாம் முடிந்தால் போதும் என்றுதான் இருக்கும். கடிதம் எழுதப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது போய்ச் சேர்ந்தபின் சில கதவுகள் மூடிவிடும். அதனால் நான்கையும் ஒரே உறையில் போடாதீர்கள். தம்பியின் கடிதம் இப்போது போகவே கூடாது.

தம்பியிலிருந்தே தொடங்குவோம், அவருக்குத்தான் இழப்பு அதிகம். பிரிகாம் யங் பல்கலைக்கழகம் சபைக்குச் சொந்தமானது. அங்கே படிப்பதற்கு ஆண்டுதோறும் மதத் தலைவர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். சபை உறுப்பினருக்கு அதைத் தருபவர் அவருடைய பிஷப், அதாவது உள்ளூர்ச் சபைப் பிரிவின் தலைவர். சபையில் சேராத இந்துவோ முஸ்லிமோ அங்கே படிக்கலாம். ஆனால் உறுப்பினராக இருந்தவர் தன் பெயரைச் சபையின் உறுப்பினர் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் அந்த ஒப்புதல் தானாகவே ரத்தாகும், படிப்பும் அங்கேயே நிற்கும். பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. நம்பிக்கை போனதற்காக மட்டும் ஒருவர் பெயரை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. பட்டம் கைக்கு வந்தபிறகு கடிதம் போகலாம்.

அந்த ஒப்புதலுக்காக ஆண்டுதோறும் நடக்கும் நேர்காணலில் பொய் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை என்றால் கல்லூரி மாறுவதுதான் வழி. பக்கத்து ஊரான ஓரெமில் யூட்டா வேலி பல்கலைக்கழகம் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் யூட்டா பல்கலைக்கழகம். மதிப்பெண் சான்றை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். எந்தெந்தப் பாடத்தின் கிரெடிட்டை ஏற்பார்கள் என்பதைப் புதிய இடத்தில் எழுத்தில் பெறட்டும். பிரிகாம் யங்கில் மதப் பாடங்களுக்கு மட்டும் 14 கிரெடிட் எடுக்க வேண்டும். அவற்றை வேறு இடத்தில் பட்டத்துக்குச் சேர்ப்பார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். கட்டணம் கட்டுவது பெற்றோர் என்றால், அவர்களிடம் சொல்வதற்கு முன் அடுத்த செமஸ்டருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

இனி உங்கள் இருவருக்கு. கடிதம் போவதற்கு முன் சபையின் இணையக் கணக்கில் நுழைந்து சிலவற்றைப் பதிவிறக்கி வையுங்கள். முதலாவது, நன்கொடைக் கணக்கு அறிக்கை. இந்த ஆண்டு வருமான வரியில் தசமபாகத்தைக் கழிக்கப் போகிறீர்கள் என்றால், 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த ஒவ்வொரு நன்கொடைக்கும் எழுத்துச் சான்று தேவை. அடுத்தது உறுப்பினர் பதிவுச் சுருக்கம். உங்கள் பதிவு எண்ணும், ஞானஸ்நானமும் முத்திரிப்பும் நடந்த தேதிகளும் அதில் இருக்கும். கணவர் இளவயதில் பெற்ற குலத்தந்தை ஆசீர்வாதத்தின் (சபை மூத்தவர் ஒருவர் தனிப்பட்ட முறையில் சொல்லி, எழுத்தில் பதிவாகும் ஆசி) பிரதியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்று வேண்டாம் என்பார். பத்து வருடம் கழித்து மகள் கேட்கலாம்.

கடிதம் போக இரண்டு வழிகள் உண்டு. உங்கள் வார்டின், அதாவது உள்ளூர்ச் சபைப் பிரிவின், பிஷப்பிடம் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுக்கலாம். அவர் உங்களிடம் பேச முயல்வார், பிறகு அது பல வார்டுகளுக்குப் பொறுப்பான ஸ்டேக் தலைவர் வழியாக மேலே போகும். இல்லையென்றால் நேரே சால்ட் லேக் சிட்டி தலைமையகத்துக்கு அனுப்பலாம். நேரே அனுப்பும் கடிதத்துக்கு நோட்டரியின் சான்று கட்டாயம். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார்கள், நோட்டரி திருப்பி அனுப்பிவிடக்கூடும். அவர் கண்முன்னே, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் கேட்டுப் பாருங்கள். பல கிளைகளில் வாடிக்கையாளருக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள்.

கடிதத்தில் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, பதிவு எண், பிறகு மூன்றே வாக்கியங்கள் போதும்: இன்று முதல் நான் உறுப்பினர் அல்ல, என் பெயரை ஏட்டிலிருந்து நீக்கி அதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள், இது தொடர்பாக என்னைச் சந்திக்க யாரையும் அனுப்ப வேண்டாம். காரணம் எழுதாதீர்கள். எழுதினால் பதில் விவாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் ஏட்டில் உள்ள பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பதிவைக் கண்டுபிடிக்கவே தாமதமாகும். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம். சேர்ந்ததற்கான சீட்டு திரும்பி வரும்படி பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.

மகள் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை, அவளுக்கு எதற்குக் கடிதம் என்று தோன்றலாம். கைக்குழந்தையாக இருந்தபோது சபையில் பெயர் சூட்டி ஆசீர்வதித்திருந்தால் அவள் பெயர் ஏட்டில் ஏறியிருக்கும். நீக்குவதற்குப் பெற்றோரின் கையெழுத்து தேவை. 8 வயது ஆகிவிட்டால் அவள் கையெழுத்தும் வேண்டும். பிறந்தநாளுக்கு முன்பே முடித்துவிட்டால் குழந்தையின் கையில் பேனாவைக் கொடுக்க வேண்டியிருக்காது.

பெயரை எடுத்தபின் திரும்பி வர நினைத்தால், பொதுவாக ஓராண்டாவது காத்திருந்து மறுபடி ஞானஸ்நானம் பெற வேண்டும். உங்கள் மனம் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றால், கணவர் கடிதம் போகட்டும், உங்களுடையது அலமாரியில் இருக்கட்டும். கணவனும் மனைவியும் ஒரே நாளில் விலக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

மாமியாரிடம் சொல்வதுதான் இவை எல்லாவற்றையும்விடக் கடினம். கடிதம் தபாலில் போகும் முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யூட்டாவில் வார்டு என்பது தெருக் கணக்கு. உங்கள் தெருவில் இருப்பவர்கள்தான் உங்கள் சபையிலும் இருப்பார்கள். யாராவது ஒருவர் வழியாக அவர் காதுக்குப் போய்விடும். ஃபேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்தக் காயம் ஆறுவது கஷ்டம்.

அவர் அழுவது எதற்கு என்று முன்கூட்டியே புரிந்துகொள்ளுங்கள். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட குடும்பம் மரணத்துக்குப் பின்னும் பிரியாது என்பது அவருடைய நம்பிக்கையின் மையம். மகன் விலகினால் அவன் முத்திரிப்பின் ஆசீர்வாதமும் ரத்தாகிறது. “அம்மா, எனக்கு நம்பிக்கை இல்லை” என்று மகன் சொல்லும்போது, “மறுமையில் நான் உன்னோடு இருக்கமாட்டேன்” என்றுதான் அவர் காதில் விழும். அந்த நேரத்தில் வரலாற்றை எடுத்து வாதாடுவது கொடுமை. சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்துக்குப் பல மனைவியர் இருந்தார்கள், அவர்களில் ஒருத்திக்கு 15 வயது நிறையச் சில மாதங்கள் பாக்கி என்பதையும், தொப்பிக்குள் கல்லை வைத்துப் பார்த்துச் சபையின் வேதமான மார்மன் நூலை மொழிபெயர்த்தார் என்பதையும் சபையே 2013 முதல் 2015 வரை தன் தளத்தில் வெளியிட்ட கட்டுரைகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் அன்று அதைப் பேச வேண்டாம். கணவர் தனியாகப் போய், நேரில், அரை மணி நேரத்துக்குள் சொல்லி முடிக்கட்டும். “நான் உங்கள் மகன்தான், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவோம், குழந்தையைக் கூட்டி வருவோம்” என்பதைத் தேதியோடு சொல்லட்டும்.

மருமகள் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சு வரலாம். அதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், கணவர்தான் சொல்ல வேண்டும்.

பேத்தியின் ஞானஸ்நானம் பற்றிக் கேட்டால் “பார்க்கலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் அது மரியாதையான மறுப்பு. அவருக்கு அது பாதிச் சம்மதம். வெள்ளை உடை தைக்கக் கொடுத்துவிடுவார். “இப்போது இல்லை, அவள் வளர்ந்து தானே முடிவு செய்வாள்” என்று ஒரே மாதிரி, இருவரும், ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் சிறுபிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சபை விதியிலேயே இடமில்லை. அந்த எட்டாவது பிறந்தநாளைப் பாட்டியும் பேத்தியும் தனியாகக் கொண்டாட ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாள் அவருக்கு வெறுமையாகப் போகக் கூடாது.

ஆலயச் சடங்குக்குப் பின் நாள்தோறும் அணியும் ஆலய உள்ளாடைகளை நிறுத்தும்போதும் கவனம் தேவை. மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் அந்தக் கழுத்து வளைவு தெரியாததை ஒரு மார்மன் தாய் கட்டிப்பிடிக்கும் முன்பே கண்டுகொள்வார். அவரிடம் சொல்லும்வரை கணவரைக் கெட்டித் துணியில் சட்டை போடச் சொல்லுங்கள். பழையவற்றைக் குப்பையில் அப்படியே எறியாமல், நம்புகிறவர்கள் செய்வதுபோல அதிலுள்ள குறிகளை வெட்டி எடுத்து அழித்துவிடுங்கள். மீதித் துணியை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உங்களுக்கு அது வெறும் துணி. குப்பைத் தொட்டியில் அதைப் பார்க்கும் உறவினருக்கு அப்படி இல்லை.

கடவுள் பற்றிய உங்கள் இருவரின் பிரச்சினை வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு, உறுப்பினர்கள் எழுந்து தம் நம்பிக்கையைச் சொல்லும் சாட்சிக் கூட்டத்தில் மூன்று நான்கு வயதுக் குழந்தை மைக் முன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா காதில் ஓத, குழந்தை திருப்பிச் சொல்லும்: “இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும்.” நம்புகிறேன் என்றல்ல, தெரியும் என்று. மார்மன் நூலின் கடைசி அதிகாரமும் அதையே சொல்கிறது: உண்மையான மனதோடு ஜெபித்தால் பரிசுத்த ஆவி உனக்குத் தெரியப்படுத்தும். ஜெபத்தின்போது நெஞ்சில் எழும் வெதுவெதுப்புதான் பதில் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். சபையின் தலைவராக இருந்த கோர்டன் ஹிங்க்லி 2003-இல், ஒன்று இது உண்மை, இல்லையேல் மோசடி, நடுவழி கிடையாது என்றே பேசினார்.

இப்படி வளர்ந்தவர் சபையைக் கைவிடும்போது கடவுளையும் சேர்த்தே கைவிடுவது இயல்பு. இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கு அப்படி இல்லை, சாமி சபைக்கு முன்பே இருந்தது. ஆகவே இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கவில்லை என்று கலங்க வேண்டாம்.

கணவர் ஆராய்ந்து பார்த்து நாத்திகராக நின்றால் அது அவருடைய நேர்மை. மதிக்க வேண்டிய முடிவு. ஆனால் முதல் ஓரிரு வருடம் பலருக்கு அந்தத் “தெரியும்” மட்டும் மாறாமல், அதற்கு முன்னால் உள்ள வாக்கியம் மட்டும் மாறுகிறது. அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில், மகள் முன்னால், “எனக்குத் தெரியும்” வேண்டாம், “நான் இப்படி நினைக்கிறேன்” போதும். நீங்களும் அப்படியே. நெஞ்சு நெகிழ்வது பொய்யல்ல. தேவாரம் கேட்டாலும் நெகிழும், குழந்தை பிறந்தாலும் நெகிழும். அதை வைத்து ஒரு சபையின் வரலாறு உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கடவுள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

கோயிலுக்குப் போக ஆசை இருந்தால் சௌத் ஜோர்டனில் ஸ்ரீ கணேஷா கோயில் உங்களுக்குத் தூரமில்லை. கணவரை வற்புறுத்தாதீர்கள். ஒரு மதத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவருக்கு எந்தச் சன்னதியும் கொஞ்ச நாள் மூச்சு முட்டும்.

ஞாயிறு காலை வெறுமையாக இருக்கும். ஒன்பது மணிக்குத் தெருவே காலியாகி, உங்கள் வாசலில் மட்டும் கார் நிற்கும். உடம்பு சரியில்லை என்றால் சாப்பாடு கொண்டுவந்த வீடுகள் அவை. சபைக் கூட்டம் நடக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மலை நடையோ நூலகமோ ஒன்றை முதல் வாரத்திலேயே நிலையாக வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாமல்தான் ஒதுங்குகிறார்கள்.

சபையில் மதுவுக்குத் தடை இருந்ததால் விலகிய பலர் அப்போதுதான் அதைத் தொடுகிறார்கள்; முப்பது வயதுக்கு மேல் முதன்முதலாக மது குடிப்பவருக்குத் தன் அளவு தெரியாது. யூட்டாவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் எட்டினாலே குற்றம், நாட்டின் மற்ற மாநிலங்களைவிடக் கடுமையான வரம்பு. குடிக்கும் நாளில் சாவியைத் தொடக் கூடாது.

கணவரோ தம்பியோ தூக்கமின்றி, வாழ்வதில் பொருளில்லை என்பதுபோலப் பேசினால் காத்திருக்காதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். ஆலோசகரைத் தேடும்போது, மாநில உரிமம் உண்டா, சபையை விட்டு விலகியவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்ற இரண்டையும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேளுங்கள்.

தசமபாகம் திரும்பாது. சபையை விட்டு விலகிய ஜேம்ஸ் ஹண்ட்ஸ்மன் என்பவர் 50 லட்சம் டாலருக்கு மேல் திரும்பக் கேட்டுத் தொடுத்த வழக்கை அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் நிராகரித்தது. வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். இது ஒன்றுக்குத்தான் கடிதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.