மேசைமேல் இருக்கும் பேரீச்சம்பழ டப்பா

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் பாதாம், பிஸ்தா, முந்திரி, பேரீச்சம்பழம் என்று கிலோக்கணக்கில் கொண்டுவருகிறார். டப்பாக்கள் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கும். போகவர எல்லாரும் எடுத்துத் தின்கிறோம். மாமிக்குச் சர்க்கரை இருக்கிறது. 'பழம்தானே' என்று தினமும் ஏழெட்டுப் பேரீச்சம்பழம் சாப்பிடுகிறார். ஆறு வயது மகன் முந்திரியைத் தின்றுவிட்டுச் சோறு வேண்டாம் என்கிறான். எனக்கும் எடை கூடிவிட்டது. எவ்வளவு சாப்பிடலாம்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்த டப்பாக்களை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள். போகும்போது நாலு, வரும்போது நாலு என்று தின்பதை யாராலும் கணக்கு வைக்க முடியாது.

பெரியவர்களுக்குப் பாதாம், பிஸ்தா, முந்திரி போன்ற பருப்பு வகை எல்லாம் சேர்த்து நாளுக்கு 30 கிராம் போதும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் ஏறக்குறைய இந்த அளவுதான். இதை எழுதுமுன் சமையலறைத் தராசில் பாதாமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 25 பருப்பு விழுந்ததும் முள் 30 கிராமைத் தொட்டது. என் உள்ளங்கையில் கொட்டினால், விரல்களை மடக்கி மூடும் அளவுதான் இருந்தது. முந்திரி என்றால் 17, 18 வரும். இதற்கே 170 கலோரிக்குக் குறையாது, அதாவது இரண்டு மூன்று இட்லிக்குச் சமம். மாலையில் சம்சாவுக்குப் பதிலாக இதைச் சாப்பிட்டால் நல்லது. சம்சாவும் தின்று இதையும் தின்றால் எடை கூடத்தான் செய்யும். பிஸ்தாவில் உப்புப் போட்டதைத் தவிருங்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத மாதங்களில் நம்மூர் வறுத்த வேர்க்கடலையே போதும், சத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.

மாமி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் கவலை. கருவாடு காயப்போடுகிற ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. உலர்ந்த பழத்திலும் அப்படித்தான், சர்க்கரை அப்படியே சுண்டி நிற்கும். 100 கிராம் திராட்சையில் 70 கலோரி என்றால், அதே எடை கிஸ்மிஸில் 300. பேரீச்சையில் சதைப்பற்றான பெரிய மெட்ஜூல் ரகம் ஒன்றிலேயே 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏழெட்டு என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். மாமிக்குப் பெரிய பழமானால் ஒன்று, சின்ன ரகமானால் இரண்டு. அதையும் வெறும் வயிற்றில் தனியாகத் தின்னாமல், நாலைந்து பாதாமோடு சாப்பிடச் சொல்லுங்கள், சர்க்கரை மெதுவாக ஏறும். நோன்பு திறக்கும்போது ஒற்றைப்படையில் சாப்பிடுவது வழக்கம் என்பார். ஒன்றும் ஒற்றைப்படைதானே, அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் அந்த ஒன்றும் வேண்டாம். பேரீச்சை, கிஸ்மிஸ் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

மகனுக்கு எட்டுப் பத்துப் பருப்பு போதும், அதையும் சோறு சாப்பிட்ட பிறகு, பள்ளிவிட்டு வந்ததும் கொடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் முழுப் பருப்பு கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று. கடற்காற்றின் ஈரத்தில் பருப்பு சீக்கிரம் நமுத்து, சிக்கு வாடை அடிக்கும். பூசணம் பிடித்ததை வறுத்துத் தின்னலாம் என்று நினைக்கவே வேண்டாம். பூசணத்தின் நச்சு வறுத்தாலும் போகாது, கொட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். தினமும் காலையில் ஆளுக்கொரு கிண்ணத்தில் அவரவர் பங்கை எண்ணிப் போட்டு, மாமியின் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.