பூத்தும் காய்க்காத மாதுளை (வாசகர் கடிதம்)

வணக்கம். அல்சூரில் வீடு கட்டிக் குடிவந்த ஆண்டில், நாற்றுப்பண்ணையில் மாதுளை என்று சொல்லிக் கொடுத்த செடியை வாசலோரம் நட்டேன். நான்கு ஆண்டுகளில் ஆளுயரம் வளர்ந்து, ரோஜாவைப் போல அடர்ந்த சிவப்புப் பூக்களைத் தருகிறது. ஒரு பிஞ்சுகூட நின்றதில்லை. மீன் கழிவுகூடப் போட்டுப் பார்த்துவிட்டேன். காய்க்காத மரம் வாசலில் ஆகாது, வெட்டிவிடு என்கிறார் மாமியார். இந்த ஆண்டு பூவும் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

"ரோஜாவைப் போல" என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்களிடம் இருப்பது பூவுக்காகவே வளர்க்கப்படும் அடுக்கு மாதுளை. பழ மாதுளையின் பூவில் கசங்கிய பட்டுத்துணி போன்ற ஐந்து முதல் எட்டு இதழ்களே இருக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தம் தாங்கிய கேசரங்கள் திரண்டு நிற்கும். அடுக்கு வகையில் அந்தக் கேசரங்களே இதழ்களாகிவிடுகின்றன. நாளைக் காலை ஒரு பூவைப் பறித்து, தோல் போலத் தடித்த அதன் சிவப்புப் புல்லிவட்டத்தை நகத்தால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இதழ்கள் பிதுங்கி வருமே தவிர, விரலில் மகரந்தம் ஒட்டுவது அரிது. ஒற்றைப் பூ மாதுளையிலும் எல்லாப் பூவும் காய்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அடி குடம்போல் பருத்த பூதான் பிஞ்சாகும், அடி ஒடுங்கி மணிபோல் இருப்பது ஆண் தன்மையுள்ள பூவாகையால் உதிர்ந்துவிடும். இது தெரியாமல் பூ கொட்டுகிறதே என்று மருந்தடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: வாசல் மல்லிகையிடம் நாம் எப்போதாவது காய் கேட்டோமா? உலர்ந்த மாதுளம்பூ யூனானி வைத்தியத்தில் குல்னார் என்ற பெயரில் மருந்துச் சரக்காகவே இருக்கிறது. வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

பூ குறைந்ததைத்தான் கவனிக்க வேண்டும். மாதுளைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பக்கத்து மனையில் புதிதாக மாடி எழும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மீன் கழிவை நிறுத்துங்கள், அதிலுள்ள தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும். அடுத்தது கத்தரி. மாதுளை புதுத்துளிரின் நுனியில் மொட்டுவிடுவது. எங்கள் குடியிருப்பின் தோட்டக்காரர் என் செடியை மாதம் தவறாமல் பந்துபோல் கத்தரித்து, ஓர் ஆண்டு முழுவதும் ஒரு பூவைக்கூட நான் பார்க்க முடியாதபடி செய்தார். ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலத்தின் முடிவில், காய்ந்த குச்சிகளையும் குறுக்கே ஓடும் கிளைகளையும் கவாத்து செய்தால் போதும். அடியிலிருந்து கிளம்பும் இளந்தண்டுகளை மட்டும் பார்த்தபோதெல்லாம் கிள்ளிவிடலாம்.

தண்ணீரையும் அளவாக விடுங்கள். மகாராஷ்டிரத்து விவசாயிகள் மாதுளைக்குச் சில வாரங்கள் பாசனத்தை நிறுத்தி, இலை உதிரவிட்டு, பிறகு உரமிட்டு நீர் பாய்ச்சி ஒரே சீராகப் பூக்க வைப்பார்கள். பகார் என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். வீட்டுச் செடிக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுவதே போதுமானது. ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரு மழையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அடியில் நீர் தேங்காமல் மட்டும் மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள்.

பழமும் வேண்டுமென்றால் பகவா அல்லது கணேஷ் ரகத்தில் பதியன் கன்று ஒன்றை மாடியில் பெரிய தொட்டியில் வையுங்கள். இந்த முறை பூவோடு இருக்கும் கன்றாகத் தேடி, நடுவில் கேசரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.