செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் கொலஸ்ட்ரால் நிரம்பி வழிந்தும் செல் ஏன் மேலும் தயாரிக்கிறது?

நீமன்-பிக் சி என்ற அரிய மரபு நோயில் காணும் இந்த முரணுக்குக் காரணம் கடத்தும் புரதங்களின் பழுது.

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துவரும் எல்டிஎல் துகள் லைசோசோமுக்குள் வந்ததும், அதிலுள்ள கொலஸ்ட்ரால் எஸ்டரை (கொழுப்பு அமிலத்தோடு இணைந்த கொலஸ்ட்ராலை) அமில லைப்பேஸ் நொதி உடைக்கிறது. விடுபடும் கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. என்பிசி2 என்ற சிறு புரதம் அதன் வால்பக்கத்தைத் தன் குழிக்குள் செருகி, நீரை விரும்பும் ஹைட்ராக்சில் முனையை வெளியே விட்டுப் பிடிக்கிறது. சவ்வில் பதிந்த என்பிசி1 பிடிப்பதோ தலைகீழாக: ஹைட்ராக்சில் உள்ளே, வால் வாசல்பக்கம். அதனால் மூலக்கூறைத் திருப்பாமல், தண்ணீரில் நழுவவிடாமல், ஒரு குழியிலிருந்து மறு குழிக்கு நேராகச் சறுக்கிவிடலாம். கச்சிதமான ஏற்பாடு!

இரண்டில் ஒன்று பழுதானாலும் கொலஸ்ட்ரால் லைசோசோமிலேயே சிறைப்படும். நோயாளிகளில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு என்பிசி1 மரபணுவில்தான் பிழை.

செல்லின் கொலஸ்ட்ரால் அளவை உணர்வது, அதனுள் சவ்வுப் பின்னலாக இருக்கும் எண்டோபிளாச வலை. அங்கே சரக்கு வந்து சேராததால் அது பஞ்சம் என்றே கணக்கிடுகிறது; கொலஸ்ட்ரால் மரபணுக்களை இயக்கும் எஸ்ஆர்இபிபி2 புரதம் முடுக்கிவிடப்பட்டு உற்பத்தியும் எல்டிஎல் ஏற்பிகளும் பெருகுகின்றன. ஸ்டேட்டின் மருந்து உற்பத்தியைக் குறைக்கும், அடைப்பைத் திறக்காது.

குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்சும் என்பிசி1எல்1, என்பிசி1-இன் உறவுக்காரப் புரதம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் எஸெடிமைப் மாத்திரை தடுப்பது என்பிசி1எல்1-ஐத்தான், என்பிசி1-ஐ அல்ல.