பிளவு வாயுவைத் தடுக்குமா, கசியவிடுமா?

கேள்வி: பாறையில் பிளவு இருந்தால் இயற்கை எரிவாயு அதன் வழியே தப்பிவிடாதா? பல வாயு வயல்கள் பிளவுகளை ஒட்டியே இருக்கின்றனவே, எப்படி?

பதில்: இங்கே பிளவு என்பது இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நழுவிய முறிவு (fault). நழுவியபின் வாயு அடுக்குக்கு எதிரே, பிளவின் மறுபுறம் என்ன பாறை வந்து நிற்கிறது என்பதே முதல் கணக்கு. வாயு தங்கிய மணற்கல் அடுக்கு நழுவி, நுண்துளைகள் மிகச் சிறிய களிப்பாறைக்கு எதிரே நின்றால் வழி அடைபடும். மணற்கல்லுக்கு எதிரே மணற்கல்லே வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். நழுவும்போது களிமண் பிளவுத்தளத்தில் இழுபட்டுப் பூசப்படும். அந்த இடத்தைக் கடந்து நழுவிய அடுக்குகளில் களிமண் பங்கு சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் பிளவு பெரும்பாலும் அடைத்து நிற்கும். இது அனுபவ அளவுகோல்தான். கிணற்று அழுத்தத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக்கூடாது.

அடைப்பிலும் சிக்கல் உண்டு. ஒரே வயல் தனித்தனி அறைகளாகப் பிரிந்துவிடும். உற்பத்தியில் ஒரு கிணற்றின் அழுத்தம் இறங்க, பக்கத்துக் கிணற்றில் அப்படியே இருந்தால் நடுவே பிளவு மறிக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது ஒவ்வொரு அறைக்கும் தனிக் கிணறு வேண்டும்.

வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து மணற்கல் சுருங்கும். பிளவின் இருபுறமும் அது சமமாகச் சுருங்காவிட்டால் பிளவு மீண்டும் நழுவும். நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் 2012-இல் 3.6 ரிக்டர் நிலநடுக்கம் இப்படித்தான் வந்தது.