ஐந்தரை மணி யோகா – கடிதம்

அன்புள்ள ஐயா,

வலங்கைமானிலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ. பள்ளியில் காலை ஐந்தரைக்கு யோகா கட்டாயம், பிறகு ஸ்பெஷல் கிளாஸ். இரவு பதினொன்றரை வரை படிப்பு. இரண்டு மாதமாக எதற்கெடுத்தாலும் அழுகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. திருமூலர் வாழ்ந்த மண்ணில் பிறந்தும் யோகாவை வெறுக்கிறாள். மனம் ஒருமுகப்பட எந்தப் பிராணாயாமம் நல்லது? யோகா மதம் சார்ந்தது என்று உறவினர் சிலர் சொல்கிறார்களே?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

உறவினர் பேச்சை விடுங்கள். அதற்கு இப்போது நேரமில்லை.

பதினொன்றரைக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்தால் ஐந்தேகால் மணிநேரம். பதின்வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணிநேரம் தூக்கம் வேண்டும். அந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது. சீக்கிரம் படு என்றாலும் கண் மூடாது, விடியலில் எழுப்பினால் எழ முடியாது. இதைத் திமிர் என்று திட்டாதீர்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். அப்போது மோட்டாருக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில்தான் வரும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக வகுப்புக்கு வரும் பையன்கள் சவாசனத்தில் படுத்ததும் குறட்டை விடுவார்கள். மாஸ்டர் எழுப்பமாட்டார். அடுத்த பீரியட் ஆசிரியர் சத்தம் போட்டால், "கணக்கு எங்கயும் போயிடாது சார், பய ராத்திரி பூரா முழிச்சிருக்கான்" என்பார். நான் பார்த்த நல்ல யோகா ஆசிரியர் அவர்தான்.

திருமூலரைச் சொல்கிறீர்கள். திருவாவடுதுறையில் இருந்து அவர் பாடிய யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. முதலில் நிற்பது இயமம், அதாவது தீயதை விலக்கும் ஒழுக்கம், அதிலும் முதலில் கொல்லாமை. பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு நான்காவதை என்னிடம் கேட்கிறீர்கள். மார்க்குக்காக அவளுடைய மூச்சையும் விட்டுவைக்க மாட்டீர்களா? கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அவளாக விரும்பினால் சாயங்காலம் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடட்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். அவ்வளவு போதும்.

ஆனால் இரண்டு மாத அழுகையை மூச்சுப் பயிற்சியிடம் விடக்கூடாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ், எண் 14416, இருபத்துநாலு மணிநேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்காதீர்கள். காலை வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டு நாளைக்கே பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.